கிளினிக் மென்பொருள்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் (வாசகர் கேள்வி - பதில்)

கிளினிக்கில் ஓடும் கம்ப்யூட்டர் மென்பொருளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். டாக்டர்கள், நிர்வாகிகள், ரிசப்ஷனில் இருப்பவர்கள், நோயாளிகள் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நான் தனியாகக் கிளினிக் நடத்தும் பொது மருத்துவர். இதுவரை அட்டையும் பேனாவும்தான். மூன்று கம்பெனிகள் வந்து டெமோ காட்டினார்கள், மூன்றுமே நன்றாகத்தான் இருந்தன. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: டெமோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். டெமோவில் வரும் நோயாளிக்கு ஒரே ஒரு நோய் இருக்கும், நேரத்துக்கு வருவார், பணம் கட்டிவிட்டுப் போவார், லேப் ரிப்போர்ட் உடனே வந்து நிற்கும். உங்களிடம் வருகிறவர்கள் அப்படி இல்லை.

முதலில் ஒரு வாரம் மென்பொருள் பேச்சையே எடுக்காமல் உங்கள் கிளினிக்கில் என்ன நடக்கிறது என்று கவனித்து எழுதி வையுங்கள். நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை அவருடைய அட்டை யார் யார் கைக்குப் போகிறது, அவர் எங்கே காத்திருக்கிறார், ஒரே விவரத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள், எதற்காக ரிசப்ஷனில் இருப்பவர் எழுந்து உங்கள் அறைக்கு ஓடி வருகிறார், இதெல்லாம். பழைய அட்டையைத் தேடுவதில்தான் நேரம் போகிறது என்றால் பெயரில் நாலு எழுத்து போட்டதும் ஆளைக் காட்டுகிற மென்பொருள் வேண்டும். அதே மருந்துகளைத் திரும்பத் திரும்பக் கையால் எழுதுவதுதான் சிரமம் என்றால் மருந்துச்சீட்டுப் பகுதி நன்றாக இருக்கிற ஒன்று வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் வசதிகளின் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் அதிக டிக் விழுகிறதோ அதை வாங்குகிறார்கள். அப்புறம் வாங்கியதில் பாதியை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பிறகு மூன்று கம்பெனிகளையும் மறுபடி கூப்பிடுங்கள். இந்த முறை நோயாளிகளை நீங்கள் கொடுங்கள், அடையாளத்தை மட்டும் மாற்றி. ஒரே பெயர், ஒரே வயது உள்ள இருவர். ஒரே மொபைல் எண்ணில் பதிந்திருக்கும் அம்மாவும் இரண்டு குழந்தைகளும். இன்னும் பெயர் வைக்காத கைக்குழந்தை. பிறந்த தேதி தெரியாத முதியவர். காலையில் பார்த்துவிட்டுப் போய் மாலையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு திரும்பி வருகிறவர், அவருக்கு இரண்டாவது பில் போடக்கூடாது. தவறான ஆளின் பக்கத்தில் மருந்தை எழுதிவிட்டால் அதை எப்படித் திருத்துவது, திருத்திய விவரம் பதிவில் நிற்குமா என்பதையும் கேளுங்கள். இவற்றையெல்லாம் விற்க வந்தவர் செய்து காட்டக்கூடாது. உங்கள் ரிசப்ஷனில் இருப்பவர் கீபோர்டில் உட்கார வேண்டும், விற்க வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும்.

நீங்கள் தினமும் அதிகம் பார்க்கும் சாதாரணக் காய்ச்சல், இருமல் கேஸ் ஒன்றை எடுத்து, பெயர் பதிவதிலிருந்து மருந்துச்சீட்டு அச்சாகும்வரை எத்தனை திரை, எத்தனை க்ளிக், எத்தனை நிமிடம் என்று எண்ணியும் பாருங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு நிமிடம் கூடினால் 60 பேர் வரும் நாளில் ஒரு மணி நேரம் போய்விடும். இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் டாக்டர்களின் கூடவே இருந்து நேரத்தைக் குறித்து 2016-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நோயாளியோடு நேருக்கு நேர் செலவாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டர் பதிவிலும் மேஜை வேலையிலும் போவதாகத் தெரிந்தது. தவறான மென்பொருளை வாங்கினால் அந்த நேரத்தை உங்கள் வீட்டுக்குத்தான் எடுத்துப் போவீர்கள்.

முடிவு செய்யும் முன் உங்கள் அளவுள்ள கிளினிக் ஒன்றில் அதே மென்பொருளை இரண்டு வருடமாவது ஓட்டியவரிடம் பேசுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் பரவாயில்லை என்பார். கடைசியாக எப்போது நின்றுபோனது, போன் செய்ததும் யார் எடுத்தார்கள், எவ்வளவு நேரத்தில் சரியானது என்று கேளுங்கள், உண்மை வெளியே வரும்.

கேள்வி: ஆறு டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் கிளினிக்கில் நான் நிர்வாகி. ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்குத் திரை அமைத்துத் தரச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் மாற்றித் தருகிறோம் என்கிறது கம்பெனி. சரி என்று சொல்லிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுச் சரி சொல்லாதீர்கள். மாற்றம் இரண்டு வகை. ஒன்று, மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் செட்டிங்கில் செய்வது: டெம்ப்ளேட் (குறிப்பு எழுத முன்கூட்டியே அமைத்த படிவம்), அடிக்கடி எழுதும் மருந்துகளின் பட்டியல், அச்சாகும் தாளின் அமைப்பு, யாருக்கு எந்தத் திரை தெரிய வேண்டும் என்பது. இதை உங்கள் ஆள் ஒருவரே கற்றுக்கொண்டு செய்யலாம், புது வெர்ஷன் வந்தாலும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். இன்னொன்று, உங்களுக்காக மட்டும் புரோகிராமையே திருத்துவது. அதற்கப்புறம் ஒவ்வொரு புது வெர்ஷனிலும் அந்தத் திருத்தத்தை மறுபடி பொருத்தி மறுபடி சோதிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பணம் கேட்பார்கள், முதலில் அதை எழுதிய புரோகிராமர் வேலை மாறிப் போயிருப்பார். கொஞ்ச காலத்தில், அப்டேட் போட்டால் உங்கள் திரை கெட்டுவிடும் என்று சொல்லி அப்டேட்டையே நிறுத்திவிடுவார்கள், பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு நின்றுபோகும். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் இது செட்டிங்கில் முடியுமா, புரோகிராமில் கை வைக்க வேண்டுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். புரோகிராமில் கை வைக்க வேண்டும் என்றால், அது இல்லாமல் நோயாளியைப் பார்க்கவே முடியாதா என்று ஆறு பேரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். பாதிக்கு மேல் அங்கேயே கழிந்துவிடும்.

சில கோரிக்கைகள் முழுக்க நியாயமானவை. தோல் மருத்துவருக்குப் போட்டோ சேர்க்க, சென்ற மாதத்துப் போட்டோவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க இடம் வேண்டும். குழந்தை மருத்துவருக்கு வளர்ச்சி வரைபடம், தடுப்பூசி அட்டவணை, எடைக்கு ஏற்ற டோஸ் கணக்கு இல்லாமல் முடியாது. பல் மருத்துவருக்குப் பல் வரைபடம். இதெல்லாம் துறையின் தேவை, விருப்பம் இல்லை. ஆனால் அலர்ஜி, இப்போது சாப்பிட்டு வரும் மருந்துகள், நீண்ட நாள் நோய்களின் பட்டியல் மூன்றும் ஆறு பேருடைய திரையிலும் ஒரே இடத்தில், ஒரே முறையில் இருந்தே ஆக வேண்டும், இதில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். பென்சிலின் அலர்ஜியை ஒருவர் தன் குறிப்பின் நடுவில் எழுத்தாக மட்டும் எழுதி வைத்திருந்தால், அவர் விடுமுறையில் போன அன்று பார்க்கும் டாக்டருக்கு அது கண்ணில் படாது, மென்பொருளாலும் எச்சரிக்க முடியாது. லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1968-லேயே, கம்ப்யூட்டர் கிளினிக் மேஜைக்கு வர வெகு காலம் இருந்தபோதே, நோயாளியின் பிரச்சினைகளின் பட்டியலை மையமாக வைத்துத்தான் பதிவை எழுத வேண்டும் என்று வாதாடினார். நோயாளி சொன்னது, டாக்டர் பார்த்தது, கணிப்பு, திட்டம் என்று இன்றைக்குப் பல மென்பொருள்களில் நீங்கள் பார்க்கும் நான்கு கட்டங்கள் அவர் வழியில் வந்தவைதான்.

கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று வைக்கும் கட்டங்களையும் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். வெளியே கூட்டம் நிற்கும்போது டாக்டர் அதில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த திரைக்குப் போவார். டெம்ப்ளேட்டில் முன்கூட்டியே 'நார்மல்' என்று நிரப்பி வைப்பது இன்னும் மோசம். கட்டம் காலியாக இருந்தால் பார்க்கவில்லை என்றாவது புரியும், பார்க்காத நெஞ்சுக்கு நார்மல் என்று பதிவாகிவிட்டால் அடுத்து வரும் டாக்டர் அதை நம்பி முடிவெடுப்பார். சென்ற முறை எழுதியதை அப்படியே இழுத்து வந்து ஒட்டும் வசதிக்கும் இதே ஆபத்து உண்டு, ஆறு மாதத்துக்கு முந்தைய ரத்த அழுத்தம் இன்றைய தேதியில் வந்து உட்கார்ந்துவிடும்.

எதைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்வது, எதை எழுத்தாக விடுவது என்று குழப்பம் வரும். பின்னால் எண்ணிப் பார்க்கவோ தேடவோ வேண்டியதைப் பட்டியலில் வையுங்கள், மற்றதை எழுத விடுங்கள். ஆறு மாதமாக வராத சர்க்கரை நோயாளிகளைக் கூப்பிட வேண்டும் என்றால் நோயின் பெயர், நோய்களுக்கான சர்வதேசக் குறியீடான ஐசிடியோடு பதிவாகியிருக்க வேண்டும், கடந்த சில மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஓர் எண்ணாக இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த படமாக இருந்தால் எந்த மென்பொருளும் அதை எண்ணித் தராது. நோயாளி தன் வலியைச் சொன்ன விதமோ எழுத்தில்தான் நிற்கும், அதை நாற்பது டிக் பெட்டிகளாக உடைத்தால் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது.

உங்கள் கிளினிக்கைவிடப் பல மடங்கு பெரிய இடத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் திரை அமைப்பு உயிர் சம்பந்தப்பட்டது என்பதை ஆறு டாக்டர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் மருந்து உத்தரவுகளைக் கம்ப்யூட்டரில் எழுதும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதன் பின் என்ன ஆனது என்று 2005-ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் ஆய்வு வெளியானது. சிறப்புச் சிகிச்சைக்காக வெளியிலிருந்து அனுப்பப்பட்டு வந்த குழந்தைகளிடையே இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாகக் கூடியிருந்தது. முன்பு குழந்தை வழியில் இருக்கும்போதே தேவையான மருந்துகளுக்குச் சொல்லி வைத்துவிடுவார்கள். புது முறையில் குழந்தை வந்து சேர்ந்து பதிவு முடிந்தால்தான் உத்தரவே எழுத முடியும், எழுதவும் பல க்ளிக் ஆகும், அதே சமயத்தில் மருந்து வைக்கும் முறையையும் மாற்றியிருந்தார்கள். சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையும் இதே போன்ற முறைக்கு மாறியது, அங்கே இறப்பு கூடவில்லை என்று 2006-ல் ஆய்வு வந்தது. கம்ப்யூட்டரில் எழுதுவதா வேண்டாமா என்பதைவிட, அங்கே வேலை நடக்கும் வரிசைக்கு அதைப் பொருத்தினார்களா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது என்பது என் முடிவு.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். ஒரு டாக்டர், ஒரு ரிசப்ஷன் ஆள், ஒரு நர்ஸ் மூவரையும் பொறுப்பாக்கி, எந்த மாற்றமும் இவர்கள் வழியாகத்தான் என்று வையுங்கள். முதல் மூன்று மாதம் மருந்துப் பட்டியலையும் அச்சுத் தாளையும் தவிர எதையும் தொடாதீர்கள், ஆனால் எரிச்சல் வரும் ஒவ்வொரு இடத்தையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டில் திரும்பத் திரும்ப வருவதை மட்டும் மாற்றுங்கள். முதல் வாரத்துக் குறைகளில் பல, பழக்கமில்லாததால் வருபவை.

கேள்வி: எந்த மருந்தை எழுதினாலும் ஓர் எச்சரிக்கைப் பெட்டி வந்து குதிக்கிறது. எல்லாவற்றையும் அணைத்துவிடலாமா?

பதில்: எல்லாவற்றையும் வேண்டாம். ஆனால் உங்கள் எரிச்சல் நியாயமானது. 2006-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று வந்தது. பத்தில் ஒன்பதைப் படிக்காமல் மூடிப் பழகிய கை, பத்தாவதையும் மூடிவிடும், அதுதான் உண்மையான எச்சரிக்கையாக இருக்கும். பெரும்பாலான மென்பொருள்களில் எச்சரிக்கைகளைத் தீவிரம் பார்த்து அடுக்கி வைத்திருப்பார்கள். அலர்ஜி, சேரவே கூடாத மருந்துகள், கர்ப்பம், குழந்தைக்கான டோஸ் வரம்பு இவை வேலையை நிறுத்திக் கேட்கட்டும். நடுத்தரமானவை ஓரத்தில் நிறத்தோடு தெரியட்டும். மற்றதை அணைக்கலாம். எதை அணைத்தோம், யார் அணைத்தோம், ஏன் என்று எழுதி வைத்து எல்லா டாக்டர்களும் கையெழுத்துப் போடுங்கள், வருடத்துக்கு ஒரு முறை திரும்பப் பாருங்கள்.

கேள்வி: இலவசமாகவே மருத்துவ மென்பொருள்கள் கிடைக்கின்றனவே, எதற்குப் பணம் கொடுத்து வாங்க வேண்டும்?

பதில்: இலவசத்திலும் இரண்டு விதம், இரண்டையும் ஒன்றாக எண்ணாதீர்கள்.

கம்பெனி ஒன்று தன் மென்பொருளைச் சும்மா கொடுத்தால் அதற்கு வேறெங்கிருந்தோ வருமானம் வருகிறது. அது எங்கே என்று கேட்டே ஆக வேண்டும். அமெரிக்காவில் ப்ராக்டிஸ் ஃப்யூஷன் என்ற கம்பெனி டாக்டர்களுக்கு இலவசமாக மென்பொருள் கொடுத்து, விளம்பரத்தில் சம்பாதித்து வளர்ந்தது. பின்னால், ஓபியாய்டு வகை வலி மருந்துகளைத் தயாரிக்கும் கம்பெனியிடம் பணம் வாங்கிக்கொண்டு, டாக்டரின் திரையில் வரும் சிகிச்சை நினைவூட்டல்களை அந்த மருந்தின் விற்பனை கூடும்படி அமைத்தது என்று அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 2020 ஜனவரியில் 14.5 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். நோயாளியின் வலியைப் பற்றிக் கேட்கச் சொல்லும் ஒரு நினைவூட்டல், பார்க்க எவ்வளவு அக்கறையாகத் தெரிந்திருக்கும்! அதற்குப் பின்னால் விற்பனைக் கணக்கு இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொரு விதம் ஓப்பன் சோர்ஸ், அதாவது புரோகிராமை எழுதிய வரிகளையே எல்லோருக்கும் திறந்து வைப்பது. ஓப்பன்இஎம்ஆர், ஓப்பன்எம்ஆர்எஸ், அதன் மேல் கட்டிய பாம்னி, க்னூ ஹெல்த் எல்லாம் இந்த வகை. அந்த வரிகள் உங்கள் கையில், யாரும் திடீரென்று பூட்ட முடியாது, தரவும் உங்களிடமே. எனக்கு இவற்றின் மேல் மரியாதை அதிகம். ஆனால் நிறுவ, அப்டேட் போட, பேக்கப் எடுக்க, நின்றுபோனால் சரிசெய்ய ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். தனி டாக்டர் ஒருவர், கம்ப்யூட்டர் தெரிந்த உறவுக்காரப் பையனை நம்பி மட்டும் இதில் இறங்க வேண்டாம். பையன் மேற்படிப்புக்குப் போய்விடுவான்.

கேள்வி: பழைய மென்பொருளை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாற நினைக்கிறோம். பழைய கம்பெனி தரவைத் தர இழுத்தடிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். விலகும்போது தரவை எந்த வடிவத்தில், எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் தர வேண்டும் என்று இருந்தால் அதைக் காட்டி எழுத்தில் கேளுங்கள். மருத்துவப் பதிவுகளைப் பற்றி உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று வக்கீலிடம் கேட்டு அதையும் குறிப்பிடுங்கள். ஒப்பந்தத்தில் ஒன்றுமே இல்லை என்றால் பழைய கம்பெனியிடம் சண்டைக்குப் போகாமல் பேசி வாங்குவதுதான் நல்லது, சந்தா ஓடிக்கொண்டிருக்கும்போதே. இதைப் படிக்கும் மற்றவர்கள், இனிமேல் வாங்கப் போகிறவர்கள், கையெழுத்துப் போடும் முன்பே இந்த வரியைக் கேட்டு வாங்குங்கள், வாங்கியதும் ஒரு முறை தரவை வெளியே எடுத்துப் பார்த்தும் விடுங்கள்.

வடிவம் முக்கியம். ஆயிரக்கணக்கான பிடிஎஃப் கோப்புகளாகக் கொடுத்துவிட்டுத் தரவைக் கொடுத்துவிட்டோம் என்பார்கள். மனிதர் படிக்க அது போதும், புது மென்பொருளுக்கு அலர்ஜி எது, டோஸ் எது என்று அதிலிருந்து தெரியாது. எக்செல்லிலோ சிஎஸ்வி கோப்பிலோ ஒவ்வொரு விவரமும் தனி நெடுவரிசையில் இருக்கும்படி பிரித்துக் கேளுங்கள். மருத்துவத் தரவுப் பரிமாற்றத்துக்கு விதிமுறைகள் வகுக்கும் எச்எல்7 அமைப்பின் ஃபயர் (FHIR) தரமுறையில் தர முடிந்தால் இன்னும் நல்லது, மருத்துவத் தரவை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகத்தான் அதை உருவாக்கினார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயலாதீர்கள். சமீப காலத்தில் வந்து போனவர்களின் பெயர், அலர்ஜி, மருந்துகள், நோய்ப் பட்டியல் முதலில். பழைய குறிப்புகள் படிக்க மட்டும் திறக்கும்படி ஓரிடத்தில் இருந்தால் போதும். முழுவதையும் ஏற்றும் முன் ஐம்பது பேரின் பதிவை மட்டும் ஏற்றி, பழைய திரையையும் புதிய திரையையும் பக்கத்தில் வைத்து டாக்டர் ஒருவரே சரிபார்க்க வேண்டும். மில்லிகிராம் கட்டத்தில் மாத்திரை எண்ணிக்கை போய் உட்கார்வது, நாளும் மாதமும் இடம் மாறிய தேதி, இவையெல்லாம் டாக்டரின் கண்ணுக்குத்தான் தட்டுப்படும்.

கேள்வி: ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். டாக்டர் தன் பாஸ்வேர்டையே எங்கள் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார், வேலை சுலபமாக இருக்கிறது. இதில் தவறு உண்டா?

பதில்: உண்டு, அது உங்களுக்கே ஆபத்து. யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று மென்பொருள் குறித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பெயரில் நாலு பேர் உள்ளே போனால் யாரோ செய்த தவறுக்கு டாக்டர் மாட்டுவார், அல்லது அவர் செய்யவில்லை என்றதும் பழி உங்கள் பக்கம் வரும். தனித்தனி லாகின் கேளுங்கள். டாக்டர் நேரமில்லை என்றால் அவர் பெயரில் புகாமல், உங்கள் லாகினிலேயே மருந்துச்சீட்டை வரைவாகத் தயார் செய்து வைத்து அவர் ஒப்புதல் மட்டும் கொடுக்கும்படி பல மென்பொருள்களில் அமைக்க முடியும். அதைக் கம்பெனியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் நோயாளி. டாக்டர் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை, திரையைத்தான் பார்க்கிறார். கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். 'டாக்டர், என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று நானும் பார்க்கலாமா' என்றாலே திரை உங்கள் பக்கம் கொஞ்சம் திரும்பும், மருந்தின் பெயரோ பழைய நோயோ தவறாக இருந்தால் நீங்களே சொல்லலாம். டாக்டர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: மானிட்டரைச் சுவர்ப் பக்கம் வைக்காமல், நோயாளி, நீங்கள், திரை மூன்றும் முக்கோணமாக அமையும்படி வையுங்கள். முதல் ஒரு நிமிடம் கீபோர்டைத் தொடாதீர்கள்.

கேள்வி: சர்வரை கிளினிக்கிலேயே வைப்பதா, கிளவுடில் போடுவதா?

பதில்: சின்னக் கிளினிக்குக்குப் பொதுவாகக் கிளவுட்தான், அதாவது இன்டர்நெட் வழியாக வெளியே உள்ள சர்வரில் வைப்பதுதான் பொருத்தம் என்பேன். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் அப்டேட் போடாமல் பழசாகிக் கிடக்கும் கம்ப்யூட்டர்தான் பெரிய ஆபத்து. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் பரவியபோது இங்கிலாந்தில் மருத்துவமனைகளோடு 595 குடும்ப மருத்துவர் கிளினிக்குகளும் பாதிக்கப்பட்டன. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது.

கிளவுடிலும் இன்டர்நெட் போனால் கிளினிக் நிற்கும், அதனால் வேறு வழியில் வரும் இரண்டாவது இணைப்பு ஒன்று வேண்டும், மொபைல் இணைப்பாக இருந்தாலும் போதும். அன்றைய அப்பாயின்ட்மென்ட் பட்டியலைக் காலையிலேயே அச்சிட்டு வையுங்கள், அலர்ஜி விவரத்தோடு. காலி மருந்துச்சீட்டுத் தாளும் ஒரு கட்டு இருக்கட்டும். எங்கே வைத்தாலும் பேக்கப் எடுப்பது மட்டும் போதாது, அதிலிருந்து திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு நோயாளியின் பதிவையாவது ஏற்றிக் காட்டு என்று கம்பெனியைக் கேளுங்கள். தயங்கினால் அவர்களிடம் பேக்கப் சரியாக இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் லேப் கருவியையும் எக்ஸ்ரேயையும் மென்பொருளோடு இணைக்க முடியும் என்கிறார்கள். இணைத்தால் நல்லதா?

பதில்: நல்லது, கையால் எண்ணைத் தட்டும்போது வரும் தவறுகள் போகும். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கு டைகாம் என்ற தரமுறை 1993-லிருந்து இருக்கிறது, அதனால் அது பெரும்பாலும் சிக்கலில்லாமல் சேரும். லேப் பக்கம்தான் கவனம் வேண்டும். எச்எல்7 வழியில் பேசுகிறோம் என்று இரண்டு கம்பெனிகளும் சொல்லும், ஆனால் ஒரே பரிசோதனையை ஒருவர் ஒரு பெயரிலும் மற்றவர் வேறு பெயரிலும் அனுப்புவார்கள். பரிசோதனைகளுக்குப் பொதுக் குறியீடு தரும் லாயிங்க் பட்டியலை இருவரும் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். அலகையும் பாருங்கள்: குளுக்கோஸை ஒரு கருவி மில்லிகிராம் கணக்கில் தரும், இன்னொன்று மில்லிமோல் கணக்கில் தரும், மில்லிமோலில் 5.5 என்பதும் மில்லிகிராமில் 99 என்பதும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அலகு இல்லாமல் வெறும் எண் மட்டும் திரைக்கு வந்தால் இணைப்பை ஏற்காதீர்கள். ரிப்போர்ட் வந்ததும் அது எந்த டாக்டரின் பட்டியலில் போய் நிற்கும், அவர் பார்த்தாரா என்பது எங்கே தெரியும், இரண்டு நாளாகியும் பார்க்கவில்லை என்றால் யாருக்குத் தகவல் போகும் என்பதையும் இணைக்கும் அன்றே அமைத்துக்கொள்ளுங்கள், பின்னால் செய்யலாம் என்று விட்டால் அந்தப் பட்டியல் நிரம்பிய பிறகுதான் ஞாபகம் வரும்.